பெய்ஜிங்கிலிருந்து சியாட்டிலுக்கு: ஒரு காதல் படத்தின் கணக்கு வழக்கு

2013 மார்ச் 21 அன்று சீனாவில் வெளியான ‘ஃபைண்டிங் மிஸ்டர் ரைட்’ படத்தை எல்லோரும் காதல் நகைச்சுவை என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். தப்பில்லை. ஆனால் இந்தப் படத்தில் காதலைவிட அதிகம் உழைப்பது பணமும் காகிதமும்தான். கதை திரும்பும் இடங்களைக் கவனியுங்கள்: ஒன்று, கார்டு செல்லாமல் போயிருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு சான்றிதழ் கிடைக்காமல் போயிருக்கும். அந்தக் கணக்கு தெரிந்தால்தான் நாயகி ஏன் அவ்வளவு அடாவடியாக நடந்துகொள்கிறாள், ஏன் சியாட்டில் வரை வந்து பிள்ளை பெறுகிறாள் என்பதெல்லாம் பிடிபடும். முழுக் கதையையும் உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை எளிது. வென் ஜியாஜியா பெய்ஜிங்கில் ஒரு பணக்காரரின் சின்ன வீடு. அவர் பெயர் லாவோ ஜோங், மணமானவர், படத்தின் பெரும்பகுதியில் போன் வழியாகத்தான் அவர் இருப்பே நமக்குத் தெரியும். ஜியாஜியா கர்ப்பமாகிறாள். கையில் அவர் தந்த கிரெடிட் கார்டோடு சியாட்டிலில் இறங்கி, திருமதி ஹுவாங் என்ற பெண்மணி தன் வீட்டில் சட்டத்துக்குப் புறம்பாக நடத்தும் பிரசவ விடுதியில் தங்குகிறாள். அங்கே வண்டி ஓட்டும் ஃபிராங்க், பெய்ஜிங்கில் பேர் பெற்ற மருத்துவராக இருந்தவர். அமெரிக்கா வந்தபின் அந்தப் படிப்பு செல்லாது. மனைவி தன் தொழிலில் முன்னேறிப் போய்விட்டார், மணவாழ்க்கை முறிந்துவிட்டது, கையில் ஒரு மகள். பெய்ஜிங்கில் லாவோ ஜோங் விசாரணையில் சிக்க, சியாட்டிலில் ஜியாஜியாவின் கார்டு செத்துப்போகிறது. மீதி உங்களால் ஊகிக்க முடிந்ததுதான்.

எழுதி இயக்கியவர் ஷுவே ஷியாலு, பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் பாடம் நடத்துபவர். இதற்கு முன் 2010இல் ஜெட் லீயை வைத்து ‘ஓஷன் ஹெவன்’ எடுத்தார். ஆட்டிசம் உள்ள மகனுக்கு, தான் செத்தபின் எப்படி வாழ்வது என்று ஒரு தகப்பன் ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொடுக்கும் கதை அது, சண்டையே கிடையாது. முட்டை அவிப்பது, பஸ்ஸில் இறங்குவது போன்ற சின்னச் சின்ன வேலைகளில் ஒரு உறவைக் காட்டுவது இவருடைய பலம் என்பது அதிலேயே தெரியும். அதே கண்தான் இங்கே விசா, வாடகை, சாப்பாடு பக்கம் திரும்பியிருக்கிறது.

ஜியாஜியா ஏன் வெளிநாடு போகவேண்டும்? வெறும் அமெரிக்க மோகம் என்று நினைத்தால் படத்தின் பாதி போய்விடும். 2013இல் சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கை இன்னும் உயிரோடு இருந்தது. பிள்ளை பெற முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அதற்குத் திருமணப் பதிவு வேண்டும். மணமாகாத பெண்ணுக்கு அந்தச் சீட்டு நடைமுறையில் கிடைக்காது. சீட்டில்லாமல் பெற்றால் ‘சமூகப் பராமரிப்புக் கட்டணம்’ என்ற பெயரில் அபராதம். அந்த ஊரின் சராசரி ஆண்டு வருமானத்தைப் பல மடங்காக்கி அதைக் கணக்கிடுவார்கள். கட்டவில்லையென்றால் குழந்தையைக் குடும்பப் பதிவேட்டில் சேர்ப்பதில் இழுத்தடிப்பார்கள். அந்தப் பதிவான ஹுகோவ் இல்லையென்றால் பள்ளிச் சேர்க்கையிலிருந்து மருத்துவக் காப்பீடு வரை எல்லாம் சிக்கல். இரண்டு குழந்தைக்கு அனுமதி 2016 ஜனவரியில்தான் வந்தது. அபராதக் கட்டணத்தை ஒழித்தது 2021இல். ஆக, ஜியாஜியாவுக்குப் பணம் இருக்கிறது, பதிவு செய்ய வழி இல்லை. பணத்தைக் கொடுத்து, பதிவு கிடைக்கும் ஊருக்குப் போகிறாள்.

அதுவரை பக்கத்திலேயே ஒரு வழி இருந்தது: ஹாங்காங். 2001இல் அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹாங்காங் மண்ணில் பிறக்கும் சீனக் குழந்தைக்கு, பெற்றோர் அந்த ஊர்க்காரர்களாக இல்லாவிட்டாலும், நிரந்தர வசிப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2011இல் அங்கே பிறந்த ஏறத்தாழ 95,000 குழந்தைகளில் 40,000க்கும் மேற்பட்டவர்களின் தாய்மார் பெருநிலச் சீனப் பெண்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பிரசவப் படுக்கை கிடைக்காமல் போராட்டம் வெடித்தது. 2013 ஜனவரி 1 முதல், கணவர் ஹாங்காங்காரராக இல்லாத பெருநிலப் பெண்களுக்கு மருத்துவமனை இடம் பூஜ்யம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்தக் கதவு சாத்திய மூன்றாம் மாதம் இந்தப் படம் திரைக்கு வந்தது. அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நடப்புச் செய்தி.

அமெரிக்கக் கதவு திறந்திருப்பதற்கு ஒரு சீனக் குடும்பமே காரணம் என்பதைப் படம் சொல்வதில்லை. அமெரிக்காவில் பிறப்பவருக்குக் குடியுரிமை தரும், அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 14ஆம் திருத்தம் 1868இல் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது, நீ குடிமகனே இல்லை என்று துறைமுகத்திலேயே தடுத்தார்கள். அவர் வழக்காடினார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கரே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூறு வருஷம் கழித்து ஜியாஜியாக்கள் விமானம் ஏறியது அந்தத் தீர்ப்பை நம்பித்தான். 2025 ஜனவரியில் டிரம்ப், தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு இந்த உரிமை இல்லை என்று ஆணையிட்டார். கீழமை நீதிமன்றங்கள் அதைத் தடுத்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இனி அன்றைய நடைமுறை. பயணம் சுற்றுலா விசாவில்தான். விமான நிறுவனங்கள் பொதுவாக 28 வாரத்துக்கு மேல் மருத்துவர் கடிதம் கேட்கும். 36 வாரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். வயிறு அதிகம் தெரியாமல் குடிவரவு வரிசையைக் கடக்கவேண்டும் என்ற கவலை வேறு. ஆகவே ஐந்து ஆறு மாதத்திலேயே கிளம்புவார்கள். இறங்கும்போது வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் பிரசவம், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், திரும்பும் பயணம் எல்லாம் முடியவேண்டும். ஒரு வாரம் பிசகினாலும் கணக்கு இடிக்கும்.

படத்தின் ஆரம்பத்தில் ஜியாஜியா குடிவரவு அதிகாரி முன்னால் நிற்கும் காட்சியைச் சிரிப்பாக எடுத்திருக்கிறார்கள். தயார் செய்துகொண்டு வந்த பதில்; ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ என்ற ஹாலிவுட் காதல் படத்தின் மேல் உள்ள காதல். நிஜத்தில் அந்த இடம்தான் அதிக ஆபத்தானது. அன்றைய விதிப்படி கர்ப்பமாக இருப்பது குற்றமில்லை, பிள்ளை பெற வந்தேன் என்று சொல்வதும் குற்றமில்லை. பொய் சொல்வதுதான் குற்றம். பயண நோக்கத்தை மறைத்து விசா பெற்றதாக நிரூபணமானால் ஆயுளுக்கும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரலாம். தரகர்களோ முதல் பாடமாகவே பொய்யைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2015 மார்ச்சில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிரசவ விடுதிகளில் நடந்த கூட்டாட்சிச் சோதனைகளும், 2019 ஜனவரியில் 19 பேர் மீது பதிவான குற்றச்சாட்டுகளும் பிள்ளை பெற்றதற்காகப் போடப்படவில்லை. விசா மோசடி, பண மோசடி போன்றவற்றுக்குத்தான். அதில் ஒரு நிறுவனம் ஒரு வாடிக்கையாளரிடம் 40,000 முதல் 80,000 டாலர் வரை வாங்கியதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. 2020 ஜனவரியில் விதியே மாறியது: பிள்ளைக்குக் குடியுரிமை வாங்குவதுதான் முதன்மை நோக்கம் என்று தூதரக அதிகாரி கருதினால் சுற்றுலா விசா கிடையாது. இன்றைக்கு இந்தக் கதையை எடுத்தால் ஜியாஜியாவின் பயணம் பெய்ஜிங் தூதரக ஜன்னலிலேயே முடிந்துவிடும்.

திருமதி ஹுவாங்கின் வீட்டைப் படம் கொஞ்சம் அன்பாகவே காட்டுகிறது. ஒரே மேசையில் சாப்பாடு, அறைக்குச் சண்டை, அதிகப் பணம் நீட்டி நல்ல அறையைப் பிடுங்க முயலும் ஜியாஜியா. உண்மையான விடுதிகளில் பிரச்சினை கட்டடத்திலேயே தொடங்கும். ஒரு குடும்பம் வாழக் கட்டிய வீட்டை அனுமதி இல்லாமல் தடுத்துத் தடுத்து அறைகளாக்குவார்கள். குளியலறைகள் கூடும், கழிவுநீர்த் தொட்டி பழைய அளவுதான். கலிஃபோர்னியாவின் சீனோ ஹில்ஸில் இப்படியொரு பெரிய மாளிகையில் கழிவுநீர் வழிந்து, 2012 கடைசியில் அக்கம்பக்கத்தார் பலகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். இந்த வகை வீடுகள் பல முதலில் மாட்டிக்கொண்டது ஊராட்சியின் கட்டட விதியில்தான். குடிவரவுத் துறை பிறகே வந்தது.

பிள்ளை பெற்றபின் ஒரு மாதம் வெளியே போகாமல், குளிர்ந்ததைத் தொடாமல் இருப்பது சீன வழக்கம். இஞ்சி, நல்லெண்ணெய், அரிசி மது சேர்த்த கோழி, வினிகரில் வெந்த பன்றிக்கால், சூடான தண்ணீர் மட்டும். நம்மூர்ப் பிரசவப் பத்தியம் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடுதிகள் விற்றது பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தைத்தான்.

படம் சத்தமில்லாமல் தாண்டிப்போகும் சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 16 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க இரண்டு பெற்றோரும் நேரில் வரவேண்டும். வராதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் அனுப்பவேண்டும். பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் மட்டும் இருந்தால் அவர் கையெழுத்தே போதும். மணமாகாத நிலையில் தகப்பன் பெயர் சான்றிதழில் ஏற வேண்டுமென்றால் அவரும் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். லாவோ ஜோங் பெய்ஜிங்கில் விசாரணையில் இருக்கிறார். பெயரைப் போட்டால் பாஸ்போர்ட் சிக்கும்; போடாவிட்டால் சொத்துரிமை சிக்கும். ஒரு முழு அங்கத்துக்கான நாடகம் இதில் இருந்தது. இயக்குநர் ஏனோ தொடவில்லை.

குழந்தையோடு சீனா திரும்புவதும் நேரான காரியமில்லை. சீனச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பெற்றோர் வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறாதவர்கள் என்றால், 1980ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 5ஆம் பிரிவின்படி குழந்தை சீனக் குடிதான். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் சீன விசா குத்தித் தரமாட்டார்கள். துணைத் தூதரகத்தில் இரண்டு வருடம் செல்லும் ‘பயண ஆவணம்’ ஒன்று வாங்கித்தான் உள்ளே போகவேண்டும்.

கார்டு விஷயத்துக்கு வருவோம். அடுத்தவர் கணக்கின் மேல் வழங்கும் கார்டுக்குத் தனி உயிர் கிடையாது. மூலக் கணக்கு உறைந்த கணமே அதுவும் உறையும், முன்னறிவிப்பு வராது. ஜியாஜியாவின் அதிகாரம் மொத்தமும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான். சாதாரணக் காதல் நகைச்சுவையில் நாயகி பணத்தாசை பிடித்தவள் என்றால், நல்லவன் ஒருவன் வந்து அவளைத் திருத்துவான். இங்கே ஃபிராங்க் அவளைத் திருத்த முயல்வதே இல்லை. கார்டு நின்றதும் அவள் தன் சமையலுக்கும் தன் சுமைக்கும் தானே பொறுப்பாகிறாள்; குணம் அதன்பின் மாறுகிறது. இந்த வரிசைதான் படத்தின் புத்திசாலித்தனம். பணம் இருந்தபோது அவளுக்கு வேறு மாதிரி இருக்க ஒரு காரணமும் இல்லை என்று இயக்குநர் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்.

அந்தக் காலத்துச் சீனாவில் இந்தப் பேச்சு தெருவெங்கும் இருந்தது. 2010இல் ஜியாங்சு தொலைக்காட்சியின் வரன் பார்க்கும் நிகழ்ச்சியில் ஒரு பெண், சைக்கிளில் உட்கார்ந்து சிரிப்பதைவிட பி.எம்.டபிள்யூ காரில் உட்கார்ந்து அழுவேன் என்கிற பொருளில் சொல்லப்போய் நாடே கொதித்தது. ஒழுங்குமுறை ஆணையம் அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் புது விதிகள் போட்டது. 2011 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம், திருமணத்துக்குப் பின் ஒரு பக்கத்துப் பெற்றோர் தங்கள் பிள்ளை பெயரில் வாங்கிப் பதிந்த வீடு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே சொந்தம் என்று விளக்கம் தந்தது. விவாகரத்தானால் மருமகளுக்கு அதில் பங்கில்லை. வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் என்பது கல்யாணப் பேச்சின் முதல் கேள்வியாகிப்போன சமயம். ஜியாஜியாவைப் பேராசைக்காரி என்று திட்டியவர்களே அவள் நிலையைப் புரிந்துகொண்டதற்கு இதுதான் பின்னணி.

இந்தப் பணப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் சோயாப் பாலும், யூத்தியாவ் என்ற எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டமும் வருகின்றன. உல்லாசப் படகும் பிரெஞ்சு விருந்தும் தரமுடியாத ஆள்தான், ஆனால் தினமும் காலையில் நாலு தெரு ஓடி எனக்குப் பிடித்ததை வாங்கிவருவான் என்று ஜியாஜியா ஃபிராங்கைப் பற்றிச் சொல்லும் வசனம் சீனாவில் இன்னும் புழங்குகிறது. சும்மா ஏழைச் சாப்பாடு என்று கடந்துவிடாதீர்கள். யூத்தியாவ் செய்யும் விதம் தெரிந்தால் வசனம் இன்னும் கூர்மையாகும். புளிக்கவைத்த மென்மையான மாவைப் பட்டையாக வெட்டி, இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் குச்சியால் அழுத்தி ஒட்டி, நீளமாக இழுத்து 190 டிகிரி வாக்கில் காயும் எண்ணெயில் போடுவார்கள். ஒற்றைப் பட்டையாகப் போட்டால் சுற்றிலும் ஓடு கட்டிக்கொண்டு உப்பாது. இரட்டையாக இருந்தால் ஒட்டிய இடத்தில் ஈரம் தங்கி, ஆவி வெளியேறிக்கொண்டே மாவு விரியும். எண்ணெய் சூடு குறைந்தால் எண்ணெய் குடித்துக் கனத்துவிடும். எடுத்த கொஞ்ச நேரத்திலேயே விறைப்பு போய்த் துவண்டுவிடும். சோயாப் பாலும் அப்படியே: 80 டிகிரியில் நுரைத்துப் பொங்கி வெந்ததுபோல் ஏமாற்றும், அங்கேயே இறக்கினால் வயிற்றைப் புரட்டும், இன்னும் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவேண்டும்.

விலை சில யுவான்தான். ஆனால் முந்தின நாளே வாங்கி வைக்க முடியாது, ஆளனுப்பி மொத்தமாகத் தருவிக்க முடியாது. அதே காலையில் ஒருவர் எழுந்து போயாகவேண்டும். லாவோ ஜோங்கிடம் எல்லாம் இருந்தது, அந்த ஒரு காலை இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவர் வருவதில்லை. விலையுயர்ந்த கைப்பைதான் வருகிறது.

அதே இயக்குநர் கடைசியில் கொஞ்சம் வழுக்கிவிடுகிறார். ஃபிராங்க் ஏழை ஓட்டுநராகவே இருந்து ஜியாஜியா அவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் படம் தன் பேச்சைக் காப்பாற்றியிருக்கும். அப்படி நடக்கவில்லை. லாவோ ஜோங் விடுதலையாகிறார்; ஜியாஜியா பெய்ஜிங் திரும்பி அந்தப் பெரிய வீட்டில் வாழ்ந்து பார்க்கிறாள், ஒத்துவரவில்லை, வெளியேறி உணவு சம்பந்தமான இணையதளம் நடத்துகிறாள். ஃபிராங்க் நியூயார்க்கில் மருத்துவத் தேர்வில் தேறிவிடுகிறார். இரண்டு பேருக்கும் வருமானம் வந்தபிறகுதான் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சந்திக்கிறார்கள். பணம் முக்கியமில்லை என்று சொல்லும் படம், பணப்பிரச்சினையைத் தீர்த்துவைத்துவிட்டே அவர்களைச் சேர்க்கிறது.

ஃபிராங்கின் தேர்வும் சினிமாக் கணக்கு. வெளிநாட்டில் படித்த மருத்துவர் அமெரிக்காவில் முதலில் உரிமத் தேர்வின் முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான சான்றிதழ் பெறவேண்டும். அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்குப் போட்டி. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் முடிவு வரும். பலர் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் இங்கேதான் கவிழ்கிறார்கள். பட்டம் வாங்கிப் பல வருடம் ஆனவர், நடுவில் பணியை விட்டவர் என்றால் விண்ணப்பத்தையே பல இடங்களில் ஒதுக்கிவிடுவார்கள். ஃபிராங்குக்கு இரண்டுமே பொருந்தும். இடம் கிடைத்தாலும் நியூயார்க்கில் வெளிநாட்டுப் பட்டதாரிக்கு உரிமம் வழங்க மூன்று வருடப் பயிற்சி வேண்டும். ஆக அந்தக் கட்டட உச்சியில் நிற்பவர் இன்னும் இரவுப் பணியில் அல்லாடும் பயிற்சி மருத்துவராகத்தான் இருக்கமுடியும்.

மணமாகாத தாய், சின்ன வீடு, பிள்ளைச் சட்டத்தைச் சுற்றிப் போவது: இவ்வளவும் சீனத் தணிக்கையை எப்படித் தாண்டின? என் ஊகம், எல்லாம் அந்நிய மண்ணில் நடப்பதுதான் வழி. கூடவே லாவோ ஜோங் விசாரணைக்கு ஆளாகிறார், ஜியாஜியா செல்வத்தை உதறுகிறாள். கணக்கு நேராகிவிட்டது என்று கோப்பை மூட ஒரு சாக்கு. ஜியாஜியாவாக நடித்த டாங் வெய்யே ஒரு காலத்தில் தணிக்கையின் பக்கம் சுட்டுக்கொண்டவர். 2007இல் ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ வந்தபின் சீனத் திரையிலும் விளம்பரத்திலும் அவரை ஒதுக்கி வைத்தார்கள். மீண்டுவந்தவரைச் சீனாவின் வசூல் நாயகியாக்கியது இந்தப் படம்தான். 50 கோடி யுவானுக்கு மேல் வசூல். இதற்கு முன் ‘லேட் ஆட்டம்’ என்ற கொரியப் படத்திலும் அவர் சியாட்டிலில்தான் அலைந்தார். அதன் இயக்குநர் கிம் தே-யோங்கைத்தான் 2014இல் மணந்தார்.

சியாட்டில் என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி கனடாவின் வான்கூவர். இரண்டுக்கும் நடுவே 230 கிலோமீட்டர் வாக்கில் தூரம். அதே மழை, அதே மரங்கள். படப்பிடிப்புக்கு வரிச்சலுகை தரும் ஊர் என்பதால் ஹாலிவுட்டும் இதையே செய்கிறது. ஸ்பேஸ் நீடில் கோபுரம் தெரியும் காட்சிகள் ஊர் அடையாளத்துக்கு. வீடும் தெருவும் பெரும்பாலும் எல்லைக்கு வடக்கே. ஆனாலும் படம் பார்த்துவிட்டு சீனப் பயணிகளும் வீடு வாங்குவோரும் நிஜ சியாட்டிலைத் தேடி வந்ததாக அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின.

2016 ஏப்ரலில் அதே இயக்குநர், அதே ஜோடியோடு இரண்டாம் பாகம் வந்தது. பெயரில்தான் இரண்டாம் பாகம். கதை முற்றிலும் வேறு. மக்காவ் சூதாட்டவிடுதியில் வேலைபார்க்கும் பெண்ணும் லாஸ் ஏஞ்சலஸில் சீனர்களுக்கு வீடு விற்கும் தரகரும் ஒரு பழைய புத்தகத்தின் வழியாக, முகம் பார்க்காமல் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். வசூல் முதல் பாகத்தைவிட அதிகம். படம் அதைவிட இளைப்பு. கடிதங்கள் அழகாக இருக்கின்றன, யாருக்கும் எதுவும் அவசரமாகத் தேவைப்படவில்லை. நேரம் ஒரு படத்துக்குத்தான் என்றால் முதல் பாகத்தைப் பாருங்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்த மகளும் மாண்டரின் பேசும் பெரியவர்களும் மோதும் இடங்களில் பாதி நகைச்சுவை இருக்கிறது. டப்பிங் செய்த பிரதியில் அது செத்துவிடும், சப்டைட்டிலோடு பார்ப்பதே உத்தமம்.